ஆடி அமாவாசையில் மீன் குழம்பு

முழங்கால் நோவுக்காகத்தான் யோகா வகுப்புக்குப் போனேன். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து, கதிரையிலேயே காலத்தைக் கழித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு எழும்பினால் கால் நோ, இருந்தால் இடுப்பு நோ. கடற்கரை வீதியில் கோயிலுக்குச் சொந்தமான மண்டபத்தில் காலையில் வகுப்பு நடந்தது. நடத்தியவள் சித்த வைத்தியம் படித்த பிள்ளை, என் மகனை விடக் கொஞ்சம் மூத்தவள். காலை நீட்டு, மடக்கு என்பாள், முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவளோ கடைசியில் எல்லோரையும் கண்ணை மூடி இருக்கச் சொல்லிவிட்டு, மனிதர் தம்மை அறியவிடாமல் மனம் போடுகிற தடைகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவாள்.

நோய் ஒரு தடை, சோம்பல் ஒரு தடை, புலன் இழுத்த பக்கம் போவது ஒரு தடை. இவை எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பக்கத்துப் பாயில் குறட்டை கேட்டபோது, சோம்பலுக்கு உதாரணம் கிடைத்துவிட்டது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு நாள் ஐயமும் ஒரு தடை என்றாள்.

"உண்மையைத் தெரிஞ்சுகொள்ளக் கேக்கிறதைச் சொல்லேல்லை. அது நல்லது. மறுமொழி வந்திடக்கூடாது எண்டு திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறமே, அதுதான் தடை."

எனக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டு வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

என் கணவர் காணாமல் போனவர். சண்டையில் சம்பூர்ச் சனம் எல்லாம் ஊரை விட்டு ஓடிய அந்த வருஷம், அங்கே இருந்த தன் தங்கச்சியைக் கூட்டிவரப் போனார். தங்கச்சி வேறு வழியால், வேறு சனத்தோடு தப்பி வந்துவிட்டாள். கூட்டிவரப் போனவர் வரவில்லை. செத்ததைக் கண்டவரும் இல்லை, அதற்குப் பிறகு உயிரோடு கண்டவரும் இல்லை. மகன் அப்போது சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து கணவரின் படத்தைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத கந்தோர் இல்லை, குந்தாத தெரு இல்லை. வருவாரா மாட்டாரா என்ற அந்த ஐயத்தை வைத்துக்கொண்டுதான் சோறு சமைத்தேன், மகனைப் படிப்பித்தேன், நெற்றியில் பொட்டு வைத்தேன். அதைப் போய் ஒரு சின்னப் பெட்டை தடை என்கிறாள்!

ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்களின் நாள். எங்கள் ஆட்கள் காலையில் கடலில் தீர்த்தமாடி, ஐயரிடம் தகப்பனின் பெயரைச் சொல்லித் தர்ப்பணம் செய்து, மத்தியானம் வாழையிலையில் படைத்து, ஒரு நேரம் மரக்கறிச் சோறு சாப்பிடுவார்கள். அதில் காத்தோட்டிக்காய் இருந்தே ஆக வேண்டும். அது ஒரு கைப்புக் காய். மற்ற நாளில் அதை யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. தகப்பன் உயிரோடு இருக்கிறவர்களுக்கு அன்று விரதம் கிடையாது. ஆகவே என் வீட்டிலும் விரதம் கிடையாது.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. மற்ற நாளில் கீரையும் பருப்பும் போதும் என்று இருக்கிறவள், அந்த நாள் பார்த்து மீன் வாங்குவேன். கிண்ணியாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்காரர் அன்று எங்கள் தெருவுக்குள் நுழைவதே எனக்காகத்தான். உள்ளியும் புளியும் போட்டு, குசினி யன்னலை அகலத் திறந்துவைத்துச் சமைப்பேன். தெரு முழுக்க மணக்க வேண்டும். இந்த வீட்டு மனுஷன் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி தன் யன்னலைப் படாரென்று சாத்துவாள். சாத்தட்டும் என்று இன்னும் ஒரு கரண்டி மிளகாய்த்தூள் போடுவேன்.

மகன் வளர்ந்த பிறகு ஒரு முறை, "அம்மா, இந்த வருஷம் நான் விரதம் பிடிக்கட்டோ?" என்று கேட்டான்.

"உன்ர அப்பா செத்ததை நீ கண்டனியோ?" என்று கத்தினேன்.

பிறகு அவன் கேட்டதில்லை. ஒவ்வோர் ஆடி அமாவாசையும் மத்தியானம் வேலையிலிருந்து வந்து, ஒரு கதையும் இல்லாமல் மீனைச் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

கோபித்துக்கொண்டு வந்தவள் அடுத்த கிழமை ஏன் வகுப்புக்குப் போனேன் என்றால், முழங்கால். வேறு ஞானம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் போன பிறகு அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

"பிள்ளை, மறுமொழியே இல்லாத கேள்வியெண்டால் என்ன செய்யிறது?"

என் கதை அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பாய்களை அடுக்கத் தொடங்கினாள்.

"எனக்குத் தெரியாது அம்மா. ஆனா அந்தக் கேள்வி வரேக்க உங்களுக்குள்ள என்ன நடக்குதெண்டு பாருங்கோ. துரத்தவும் வேண்டாம், பிடிச்சு வைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் அதையே பாருங்கோ."

"அவ்வளவுதானோ?"

"ஓம். அதுவே ஏலாத வேலை."

ஏலாத வேலைதான். காலையில் குசினிக் கதவடியில் கண்ணை மூடி இருப்பேன். துறைமுகத்தில் கப்பல் ஊதும், காகம் கத்தும். என் காது இவற்றில் ஒன்றையும் எடுக்காது. வாசல் படலையின் கொளுக்கி எடுபடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பல காலைகள் இருந்து பார்த்த பிறகு ஒன்று தெரிந்தது. படலை திறந்தால் அதற்குப் பிறகு என்ன என்று நான் யோசித்ததே இல்லை. அவருக்கு இப்போது தலை நரைத்திருக்குமா, கண்ணாடி போட்டிருப்பாரா என்றுகூட நினைத்துப் பார்த்ததில்லை. படத்தில் இருப்பவர் இளந்தாரி. நான் இன்னார் என்று ஒன்றை இறுகப் பிடித்துக்கொள்வதும் தடை என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். நான் யார்? காத்திருக்கிறவள். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று பார்க்கப் பயமாக இருந்தது. எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

இன்னொன்றும் மெல்லப் பிடிபட்டது. அவருக்கு என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்பது ஒரு கேள்வி. அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சாகும்வரை கேட்பேன். அவர் திரும்பி வருவாரா என்பது வேறு கேள்வி. ஒன்றை விட்டால் மற்றதும் கைவிட்டுப் போகும் என்று பயந்து, இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருந்தேன். இது விளங்கியும், அந்த ஆடி அமாவாசைக்கு மீன்காரரிடம் சொல்லித்தான் வைத்தேன்.

அன்று காலை, வேண்டுமென்றே வகுப்புக்குப் போனேன். மண்டபத்தில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு இல்லை. திரும்பினால், சாமி தீர்த்தத்துக்கு வருகிறது என்று வீதியை மறித்துவிட்டார்கள். கடற்கரை மணலில் இறங்கி நடப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த நாளில் அந்தப் பக்கம் நான் காலடி வைத்ததே கிடையாது.

ஐயர்மார் வரிசையாக இருந்தார்கள். முன்னால் ஈர வேட்டியோடு ஆண்கள். அதில் ஒரு முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன என் மகன்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து எழுப்ப நினைத்தேன். அதற்குள் மந்திரம் தொடங்கிவிட்டது. ஐயர் ஒவ்வொருவரிடமும் தகப்பனின் பெயரைக் கேட்டுக் கேட்டுச் சொல்லுவித்துக்கொண்டு வந்தார். என் மகனிடம் அவர் கேட்கவில்லை. அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அவராகவே என் கணவரின் பெயரைச் சொன்னார். மகன் அதைத் திருப்பிச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டான்.

பெயர் ஐயருக்குப் பாடமாகும் அளவுக்கு அவன் வருஷாவருஷம் வந்திருக்கிறான். தகப்பனுக்குத் தண்ணீர் விட்டு, உடுப்பு மாற்றி, நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டு, மத்தியானம் என் முன்னால் வந்து இருந்து மீன் தின்றிருக்கிறான். நான் தாங்கமாட்டேன் என்று, என் கையாலேயே தன் விரதத்தை முறித்திருக்கிறான். அவன் கண்ணில் படாமல் சனத்தோடு சனமாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.

மீன்காரர் படலையடியில் நின்றார்.

"அக்கா, உங்களுக்கெண்டே நல்ல பாரை மீன் எடுத்து வச்சிருக்கன்."

"இண்டைக்கு வேண்டாம் தம்பி."

"ஏன் அக்கா, சுகமில்லையா?"

"எங்கட வீட்டிலயும் விரதம்."

அவர் பெட்டி மூடியை அழுத்திச் சாத்தினார். பிறகு ஹோர்ன் அடிக்காமல், இயந்திரத்தையும் போடாமல், மோட்டார் சைக்கிளைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டே போனார்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், காத்தோட்டிக்காய் கொஞ்சம் இருக்குமோ என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். ஒரு சொல் குத்தலாகச் சொல்லியிருந்தாலும் நான் திரும்பி வந்திருப்பேன். உள்ளே போய், தன் வீட்டுக்கு வெட்டி வைத்திருந்ததில் பாதியைக் கொண்டுவந்து தந்தாள்.

"உப்புத் தண்ணியில ஊறினது. இனிப் பொரிச்சாச் சரி" என்றாள்.

மீன்சட்டியைத் தொடாமல், வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிக்கு எடுக்கிற சட்டியை எடுத்துச் சமைத்தேன்.

மகன் மத்தியானம் வந்தான். வழக்கம்போல நெற்றியைத் துடைத்திருந்தான். கை கழுவிவிட்டு உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நான் தெருத்தெருவாகத் தூக்கித் திரிந்த படம் கதிரையில் சாய்த்து வைத்திருந்தது. அதற்கு முன்னால் வாழையிலை.

"மீன்காரர் வரேல்லையோ அம்மா?"

"வந்தவர். நான் வாங்கேல்லை. நீ அப்பாவுக்கு விளக்கைக் கொளுத்து."

அவன் கொளுத்தினான். நான் இலையில் காத்தோட்டிக்காயை வைத்தேன்.

"அப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. தன்ர அப்பாவின்ர விரதத்துக்குச் சோத்துக்குள்ள ஒளிச்சு வச்சு விழுங்குவார்."

சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கதையை மகனுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. காத்திருந்த மும்முரத்தில், அவர் எப்படிப்பட்ட மனுஷன் என்று பிள்ளைக்குச் சொல்லவே மறந்திருந்தேன்.

காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு வந்து மகன் சாப்பிட இருந்தான். என் வீட்டில் அவன் காத்தோட்டிக்காய் தின்றது அன்றுதான் முதல் தடவை. வாயில் வைத்ததும் ஒரு கண் சுருங்கி, உதடு ஒரு பக்கம் கோணி, தகப்பனைப் போலவே முகத்தைச் சுளித்தான். பிறகு மிச்சத்தைச் சோற்றுக்குள் ஒளித்து விழுங்கினான்.

என் கணவர் செத்தது எனக்கு அந்த நேரத்தில்தான். வாய்விட்டு அழுதேன். மகன் எச்சில் கையோடு எழும்பி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷமும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுததை, அன்று நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து அழுதோம்.