அற்புதம் இல்லை என்று சொன்ன அக்கா

அக்கா இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. பூசைக்கு வந்து, எங்களோடு அமர்ந்து உண்டு, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்காவின் நற்குணங்களைச் சொல்ல உங்களில் பலர் இருக்கிறீர்கள். அவரே எழுதச் சொன்னதை நான் எழுதுகிறேன்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில், ஏரியை நம்பிப் பயிர் செய்த ஒரு சிற்றூரில் அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சென்னையில் ஸ்கிரீன் பிரிண்டிங் கற்றுக்கொண்டு, குன்றத்தூரில் ஓட்டுக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன். தமக்கென்று ஒரு குடும்பத்தை அவர் அமைத்துக்கொள்ளவில்லை.

கருநீல டி-ஷர்ட்டில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் மற்றவர்கள் மேலே பெயிண்ட் பூசுவார்கள்; துவைக்கத் துவைக்க உரிந்துவிடும். அக்கா டிஸ்சார்ஜ் பசையில் அச்சிடுவார். முதலில் ஒன்றும் தெரியாது. ஆவி காட்டினால் பசை பட்ட இடத்தில் மட்டும் சாயம் போய் வெளுக்கும். அழுகிய முட்டை நாற்றம் கொட்டகை முழுக்க அடிக்கும். பிறகு கட்டாயம் அலச வேண்டும். துணியில் தங்கும் மருந்து தோலைப் புண்ணாக்கும்.

ஒரு கோடையில், எங்கள் ஊர்க் கோவில் திருவிழாப் பவனிக்காக, மார்பில் சிலுவை போட்ட டி-ஷர்ட்டுகளைப் பிள்ளைகளுக்கு அச்சிடக் கேட்டார்கள். கொட்டகைக் கிணறு வற்றியிருந்தது.

"ஒருவாட்டி போட்டா இன்னா ஆயிடப்போவுது? அப்பால வூட்ல தொவச்சிக்குவாங்க" என்று அக்கா அலசாமலே மூட்டை கட்டினார். அதைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

பிள்ளைகள் வெயிலில் வேர்க்க வேர்க்க நடந்தார்கள். மறுநாள் பலருக்கு அரிப்பு. ஸ்டெல்லா என்ற சிறுமிக்கோ மார்பில் சிலுவை வடிவிலேயே தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. அற்புதம் என்று ஊரே திரண்டது. அக்கா போய்ப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் பேசாமல் திரும்பி வந்து, சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டார். எனக்கும் விளங்கியது. நானும் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் போனபோது ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. புனிதக் குறியில் மருந்து தடவக் கூடாதென்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். வாசலெல்லாம் மெழுகுவர்த்தி. முழங்காலில் நின்றவர்களைத் தாண்டி அக்கா உள்ளே போனார்.

"இது அற்புதம் இல்ல. நான் அலசாம குடுத்த சட்டை. கொழந்தைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க."

ஸ்டெல்லாவின் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "உனுக்கு எப்போ தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லவில்லை.

"நேத்தே தெரியும்."

அந்தத் தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஸ்டெல்லா பிழைத்துக்கொண்டாள். தழும்பு மட்டும் மறையவில்லை. அக்கா வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, சட்டைகளை வாங்கிவந்து அலசிக் கொடுத்தார். சிலர் கதவைச் சாத்தினார்கள். புண்ணைவிட, அற்புதம் பொய்யானதுதான் சிலருக்குப் பெரிய கோபம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொண்டு வந்த பிறகும் அக்காவுக்கு ஆறவில்லை. பங்குச் சாமியாரிடம் ஒருமுறை என் எதிரிலேயே சொன்னார்: "ஆண்டவர் மன்னிச்சிருப்பாரு சாமி. அந்தப் பொண்ணு துடிச்ச ஒரு நாள யாரு திருப்பிக் குடுப்பாங்க?"

ஸ்டெல்லாவின் அம்மா அதன்பின் அக்காவிடம் பேசவே இல்லை. எதிரில் வந்தால் அக்காவே ஒதுங்கி வழிவிடுவார்.

இதய நோயில் படுத்திருந்த கடைசி நாட்களில் என்னிடம், "மலர் கிலர் போட்டா நல்லவ நல்லவன்னு மட்டும் எழுதாத. அதையும் எழுது" என்றார். அவர் செய்ததை எழுதிவிட்டேன். அந்த ஒரு நாள் மௌனத்தில் பாதி என்னுடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவைக் கண்போல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், பெட்டியைச் சுமந்த கொட்டகைத் தோழர்களுக்கும், அடக்கத்தன்று வந்தவர் அனைவருக்கும் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி. ஸ்டெல்லாவின் அம்மா அடக்கத்துக்கு வரவில்லை. இம்மலரில் ஒன்றை அவர் வீட்டுக்கு நானே கொண்டுபோகிறேன். வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் அவர் விருப்பம்.