சைகோன் பக்கம்

செஞ்சி ஆஸ்பத்திரியிலிருந்து திண்டிவனம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். உள்ளே, என்னிடம் கார் ஓட்டப் பழகிய காதருக்கு ஒரு காலை எடுத்துவிட்டிருந்தார்கள்.

சைகோனில் அவன் மாமா கடைக்கு டிரைவர் தேவைப்பட்டது. முன்பு அங்கே லாரி ஓட்டியவன் நான். பழைய ஸ்டீரிங் ஒன்றைப் பெஞ்சில் பொருத்தி, தரையில் சுண்ணாம்பால் சாலை வரைந்து, ஒரு மாதம் அவனைப் பழக்கினேன். அங்கே வலப்பக்கம் போக வேண்டும். நம் ஊரில் இடப்பக்கம்.

"எதிர்ல வண்டி வந்தா?"

"சோத்தாங்கைப் பக்கம் ஒடி."

"நம்மூர்லண்ணே?"

"கப்பல் ஏறப் போறவனுக்கு அது இன்னாத்துக்குடா?"

நேற்று வல்லம் சாலையில் முதன்முறையாக நிஜக் காரைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே பஸ் வந்தது. அவன் யோசிக்கவில்லை, வலப்பக்கம் ஒடித்தான்.

இன்று கண் விழித்ததும், "நீ சொன்ன பக்கந்தாண்ணே ஒடிச்சேன்," என்றான். குரலில் கோபமே இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை திண்டிவனத்தில் செக்கு மாடு ஓட்டச் சேர்ந்தேன். சுற்றுவது ஒரே வட்டம். எதிரே யாரும் வரமாட்டார்கள்.