ஏழு மாடி இறங்க

தாராவியில் எங்கள் குடிசையை இடித்துவிட்டு அதற்குப் பதிலாகக் கொடுத்த வீடு ஏழாவது மாடியில் இருந்தது. குடிபோன இரண்டாம் வருடம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலி வாங்கினோம். அதே வருடம் லிஃப்டும் நின்றுபோனது.

நடக்க முடியாதவர்கள் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடியே தீர வேண்டும் என்று சட்டசபையில் சட்டம் பாஸான அன்று, பேப்பரை அவளுக்கு வாசித்துக் காட்டி ஜிலேபியும் வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமே தரைத்தளத்து வீட்டுக்காரர் வந்தார்.

"அண்ணாச்சி, வீட்ட மாத்திக்கிடுவமா? மதினிக்கு வசதியா இருக்கும்லா."

"சட்டமே வந்தாச்சு, இனி எதுக்கு?" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவள் கேட்டது ஒன்றுதான். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்த் தன் கையால் காய் பொறுக்க வேண்டும். நான் வாங்கிவரும் வெண்டைக்காய் எப்போதும் முற்றல்.

"நுனிய ஒடிச்சுப் பாத்தியளா, இல்ல கடைக்காரன் மூஞ்சியப் பாத்துட்டு வாங்குனியளா?"

அடுத்த வாரம் லிஃப்ட் ஓடும், நீயே வா என்பேன். மூன்று வருடம் அதையே சொன்னேன். கட்டடத்தைக் கவனிக்கும் சொசைட்டியின் செக்ரட்டரியிடம் பேப்பரை நீட்டினால், "சட்டம் இருக்கு அண்ணாச்சி, மெக்கானிக்குல்லா இல்ல" என்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி இறக்குகிறோம் என்றார்கள். அவள் சம்மதிக்கவில்லை.

"நாலு பேரு தூக்கிட்டுப் போக நான் என்ன பொணமா?"

மழைக்காலத்தில் ஒரு நாள் போய்விட்டாள். நாலு பேர்தான் இறக்கினார்கள். படி திரும்பும் இடத்திலெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றார்கள்.

எட்டாம் நாள் எம்.எல்.ஏ. துக்கம் கேட்க வந்தார். அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். படியேறி மேலே வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்து, மூச்சிரைத்தது. வீட்டில் வேறு நாற்காலி இல்லாததால் அவளுடைய சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, "லிஃப்ட் பந்த் ஹை க்யா?" என்று, லிஃப்ட் ஓடவில்லையா என இந்தியில் கேட்டார். ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. இன்னொரு டம்ளர் தண்ணீர்தான் கொடுத்தேன். அவர் போனில் யாரையோ இரண்டு நிமிடம் வைதார்.

மறுநாள் மதியம் லிஃப்ட் ஓடியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், செம்பூரில் ஒருவருக்குக் கொடுப்பதற்காக அவளுடைய நாற்காலியை அதில் ஏற்றினேன். கீழே வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.