கால் அங்குலம் பெரிய தொப்பி

தன் தலை வட்டமானதல்ல என்பது சுந்தரராஜுலுவுக்கே நாற்பத்தேழாம் வயதில்தான் தெரிந்தது.

கணபதிப் பகுதியில் மோட்டார் பம்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் அவர் பேட்டர்ன் மேக்கர். இரும்பில் வரப்போகிற பம்பு முதலில் தேக்கு மரத்தில் வர வேண்டும். அந்த மரப் பம்பை மணலில் பதித்து எடுத்தால் ஒரு குழி விழும். உருகிய இரும்பை அதில்தான் ஊற்றுவார்கள். இருபத்து மூன்று வருடமாக அந்த மரத்தைச் செதுக்குவது அவர் வேலை. நான் அதே ஃபவுண்டரியின் ஆபீசில் டைப்பிஸ்ட். என் ஜன்னலுக்கு நேர் எதிரே அவருடைய பட்டறை என்பதால், 1994ஆம் வருடம் அந்தத் தொப்பி உருவான கதையைப் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சிங்காநல்லூர் குளத்துக்குப் போவார். பழைய பைனாகுலர் ஒன்றை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து காலையிலிருந்து மதியம் வரை பறவை பார்ப்பார். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "சும்மா பாக்கறதுங்க. அது என்ன பண்ணுதுன்னு" என்பார். ஆறு வருடமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

அந்தச் சித்திரையில் கரையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். வெயில் தாக்கியதுதான், வேறொன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் அவர் மனைவி பத்மாவதி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. சண்டை மட்டும் தமிழ். அடுத்த தெருவுக்கும் புரிய வேண்டும் என்பதாலோ என்னவோ.

"தலைக்கு ஒழுங்கா ஒண்ணு போட்டுட்டுப் போறதுன்னா போங்க. இல்லாட்டி ஞாயித்துக்கிழமை ஊட்டுல இருங்க. குளம் எங்கீமு ஓடிப்போகாது."

தலையில் துண்டு கட்டினால் அண்ணாந்து பார்க்கும்போது நழுவிவிடுகிறது. குடையை விரித்தால் பறவை எல்லாம் எழுந்து போய்விடுகிறது. முன்னால் மட்டும் மறைக்கிற குல்லா காதையும் பிடரியையும் காப்பதில்லை. இதையெல்லாம் அவர் வரிசையாக என்னிடம் சொன்னது, என் மேசைக்கு மேலே தொங்கிய காலண்டரைக் கேட்பதற்காக. அதில் அந்த மாதப் படம் ஏதோ ஒரு காட்டில் நிற்கும் வெள்ளைக்காரர். அவர் தலையில் ஒரு பழுப்புத் தொப்பி: நெற்றிப் பக்கம் இரண்டு விரலால் கிள்ளி விட்டது போல ஒடுங்கியிருந்தது, அகலமான விளிம்பு முன்னாலும் பின்னாலும் தணிந்திருந்தது, பல வருடம் மழையிலும் மண்ணிலும் கிடந்து எழுந்து வந்த மாதிரி ஒரு தோற்றம்.

"மாசம் முடிஞ்சதும் இந்தத் தாள எனக்குக் குடுத்துருங்க அம்மணி."

மாசம் முடியும் வரை அவர் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் அப்துல் வஹீதின் கடையில் ஒரு தொப்பியை வாங்கி வந்துவிட்டார். ஊட்டி பங்களாக்களைக் காலி செய்யும்போது கிடைக்கிற நாற்காலி, கடிகாரம், கண்ணாடி எல்லாம் மேட்டுப்பாளையம் வழியாக அந்தக் கடைக்கு வந்து சேரும். தொப்பி சாம்பல் நிறம். விறைப்பான கம்பளி. விளிம்பு சுற்றிலும் மேல்நோக்கிச் சுருண்டு, ஓரத்தில் பட்டு நாடா வைத்துத் தைத்திருந்தது. காலண்டர் மனிதரின் தொப்பிக்கும் இதற்கும் எந்த உறவும் தெரியவில்லை.

அதைப் போட்டுக்கொண்டு அவர் பட்டறைக்குள் நுழைந்ததும், மணல் அச்சு எடுக்கிற வேங்கடசாமி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"ஏனுங், எந்தக் கல்யாணத்துக்குங்க பேண்டு வாசிக்கப் போறீங்க? எங்க ஊட்டுலயும் ஒரு விசேசம் இருக்குதுங்கோ."

தொப்பி தலையில் இறங்கவே இல்லை, உச்சியில் உட்கார்ந்திருந்தது. உள்பட்டைத் தோலில் தங்க எழுத்துப் பாதி அழிந்து கிடந்தது. என்ன போட்டிருக்கிறது என்று என்னிடம் கொண்டு வந்தார். லண்டன் கடை ஒன்றின் பெயர், பிறகு ஆறே முக்கால் என்று ஓர் எண். ஆறே முக்கால் என்ன? சுற்றளவு ஆறே முக்கால் அங்குலமென்றால் எந்தத் தலையும் அதற்குள் நுழையாதே. அன்று சாப்பாட்டு நேரம் முழுவதும் அவர் அதையே யோசித்தார். சாயங்காலம் ஜன்னலில் வந்து நின்றார்.

"கண்டுபுடிச்சுட்டேனுங்க. அது சுத்தளவு இல்ல, குறுக்களவு. தலை வட்டம்னு வெச்சுக்கிட்டு எழுதியிருக்கறான். ஆனா வட்டம் இல்லீங்களே!"

ஈயக் கம்பி ஒன்றைத் தலையைச் சுற்றி வளைத்து அழுத்தி, மெதுவாகக் கழற்றித் தாளில் வைத்து வரைந்திருந்தார். முட்டையை வெட்டி வைத்த மாதிரி இருந்தது. இடது பக்கம் வேறு கொஞ்சம் புடைப்பு. அதன்பின் ஒரு வாரம் ஃபவுண்டரியில் யாருடைய தலையும் தப்பவில்லை. பதினாலு தலை அளந்தார். ஒன்றுகூட வட்டமில்லை. வேங்கடசாமியுடையதுதான் எல்லாவற்றிலும் நீளம்.

"உள்ள சரக்கு அப்படீங்க" என்றார் வேங்கடசாமி.

தொப்பியைப் பெரிதாக்கவும் வடிவத்தை மாற்றவும் ஒரு மரத்தலை வேண்டும். இந்த ஊரில் வேறு யாருக்கும் அது பெரிய பாடு. அவருக்கு மூன்று நாள் சாயங்கால வேலை. ஈயக் கம்பியால் வரைந்த வடிவத்தின் நீளம், அகலம், சுற்றளவு எல்லாவற்றையும் வீட்டில் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு வந்து, மீந்த தேக்குத் துண்டுகளை ஒட்டிச் செதுக்கினார். பிறகு தொப்பியின் பட்டு நாடாவை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். கேண்டீனில் இட்லிக் குண்டா கொதிக்கும்போது மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, தொப்பியை அந்த ஆவியில் காட்டினார். அவ்வளவு விறைப்பான கம்பளி அப்பளம் நமுத்த மாதிரி தொய்ந்து போனதை நானும் போய்ப் பார்த்தேன். சுருண்டிருந்த விளிம்பை அவர் அழுத்தி விரித்தபோது உள்ளேயிருந்து முக்கால் அங்குலம் அகலம் வெளியே வந்தது. அத்தனை காலம் அது அங்கேயேதான் சுருண்டு கிடந்திருக்கிறது.

சூட்டோடு மரத்தலையில் இழுத்து மாட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் காய விட்டார். நெற்றிப் பக்கம் கிள்ளினார். டீத்தூள் கொதித்த தண்ணீரைப் பஞ்சால் ஒற்றிச் சாம்பலைப் பழுப்பாக்கினார். கடைசியாக உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அச்சு மணலை ஒரு பிடி அள்ளிப் பூசித் தட்டினார். எந்தப் பேட்டர்னிலும் ஒரு கீறல் இருந்தால் வெளியே அனுப்பாத மனிதர் ஒரு தொப்பியைக் கவனமாக, இடம் பார்த்துப் பார்த்து அழுக்காக்கிக்கொண்டிருந்தார். காலண்டர் தாளோடு சேர்த்துப் பிடித்துக் காட்டியபோது எனக்கு வியப்பாக இருந்தது. வேங்கடசாமிகூட மண்வெட்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார்.

அதற்குள் ஆடி பிறந்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரக் கூரைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. பத்மாவதி தொப்பியை மொட்டை மாடியில் வைத்துத்தான் சோதித்தார்.

"போட்டுட்டு அண்ணாந்து பாருங்க."

அவர் அண்ணாந்தார். தொப்பி பக்கத்து வீட்டு முருங்கை மரத்துக்குப் போய்விட்டது.

"நழுவற துண்டுக்கும் பறக்கற தொப்பிக்கும் என்னங்க வித்தியாசம்? இதப் போட்டுட்டுக் குளத்துக்குப் போறதுக்கு நான் உடமாட்டேன்."

ஆறு வருடத்து ஞாயிறுகள் அந்த முருங்கை மரத்தில் தொங்கின. மறுநாள் காலை சுந்தரராஜுலு பட்டறையில் மரத்தலையை மேசையில் வைத்து மூன்று தடவை அளந்தார். அளவு அச்சாகச் சரியாக இருந்தது. கடைசியில் என் ஸ்கேலை வாங்கிப் போய் அளந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அம்மணி, உங்க ஸ்கேலு தப்பா இருக்குதுங்க."

இரண்டு ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஓரடி முடிகிற இடத்தில் அவருடையது என்னுடையதை விட எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீளம். பார்த்துக்கொண்டே நின்றவர், மெதுவாக நெற்றியில் கை வைத்தார்.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்ன் மேக்கரின் ஸ்கேலில் ஒவ்வொரு அங்குலத்தையும் கொஞ்சம் நீட்டித்தான் போட்டிருப்பார்கள். இருபத்து மூன்று வருடமாக அவர் கையில் இருந்தது அந்த அங்குலம். வீட்டு டேப்பில் எடுத்த அளவை அந்த ஸ்கேலில் மரத்துக்கு மாற்றியதில் தொப்பியின் சுற்றளவு கால் அங்குலம் கூடிவிட்டது.

"தலையும் ஆறுனாச் சுருங்கும்னு நெனச்சுட்டீங்களாக்கு!" வேங்கடசாமிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "உடுங்க, உள்ள பேப்பர மடிச்சு வெச்சுருங்க."

"கேஸ்டிங்கு லூசாப் போச்சுன்னா நீங்க பேப்பர் வெப்பீங்களா?" என்று சுந்தரராஜுலு கேட்டார்.

மரத்தலையைச் சீவிவிட்டு மறுபடி ஆவி காட்டலாமா என்று கேட்க அவர் உக்கடத்துக்குப் போனார். அப்துல் வஹீது தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். தான் விற்றதுதான் என்று நம்பவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது.

"கட்டையெல்லாம் வேண்டாமுங்க. கம்பளிதானுங்க இது, நனைஞ்சு காஞ்சாச் சுருங்கும். எஸ்டேட்டுல மழையில நனைஞ்சுட்டு அப்படியே போட்டுட்டுத் திரிவாங்க. நல்லா நனைச்சுத் தலையில வெச்சுக்கிட்டு வெயில்ல இருங்க. காயற வரைக்கும் கழட்டப்படாது. அப்பறம் உங்க தலையத் தவர வேற எந்தத் தலைக்கும் அது ஆகாது பாத்துக்குங்க."

வெயிலில் இருக்க வேண்டும். அதுவும் ஈரத் தலையோடு. இதைப் பத்மாவதியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறார். பிறகு நடந்ததை ஆயுத பூசைக்கு ஃபவுண்டரிக்கு வந்தபோது பத்மாவதியே என்னிடம் சொன்னார்.

"வெயிலே ஆகாதுங்கறப்ப ஈரத்தலையோட வேற உக்காரோணுமானு கேட்டேனுங்க. இந்த ஒரு நாளு மட்டும், மாடியில இருந்துக்கறேன்னாரு. மாடியில நின்னு காத்துல தாங்குனாப் பத்தாதுங்க, குளத்தங்கரையில தாங்கோணுமல்ல. அதான், நடங்க, நானும் வாரேன், மயங்கி உழுந்தாத் தூக்க ஒரு ஆளு வேணும்னு சொல்லிப்போட்டேன்."

குளத்தண்ணீரிலேயே தொப்பியை முக்கி எடுத்து மாட்டிக்கொண்டு அவர் கரையில் உட்கார்ந்தார். டீத்தண்ணி இரண்டு கன்னத்திலும் வழிந்தது. பத்மாவதி ஒரு கையில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, கால் மணிக்கு ஒரு தரம் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். காத்திருக்கிற நேரத்துக்கு வேறு வேலை இல்லாததால் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தார். கோரைக்கு நடுவே நீல நிறத்தில், கோழி மாதிரி, சிவப்புக் காலோடு என்னவோ ஒன்று நடந்தது. காலைத் தூக்கும்போது விரல்களை ஒடுக்கி, வைக்கும்போது விரித்து வைத்தது. ஒரு கோரைத் தண்டை ஒரு காலால் பிடித்துக் கையில் வைத்துச் சாப்பிடுவது போலச் சாப்பிட்டது.

"கையில புடிச்சுத் திங்குதுங்க! கோழி எங்கயாவது அப்படித் திங்குமுங்களா?" என்று ஆயுத பூசையன்று பத்மாவதி என்னிடமே கேட்டார்.

பதினொரு மணிவாக்கில் காற்று எழும்பியது. கரையில் இருந்த எருக்கஞ்செடிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. சுந்தரராஜுலு அண்ணாந்து பார்த்தார். தொப்பி அசையவில்லை. இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, மறுபடியும் அண்ணாந்து காட்டினார்.

"நிக்குது பாரு. இனி நான் வரலாமல்ல?"

பத்மாவதி பைனாகுலரை இறக்கவில்லை. நீலக்கோழிக்குப் பின்னால் கோரையிலிருந்து கறுப்பாக இரண்டு குஞ்சுகள் வெளியே வந்துகொண்டிருந்தன.

"வரலாம், வரலாம்" என்றார். "அடுத்த வாரம் எத்தன மணிக்குங்க கெளம்பறது?"