டிப்போவுக்குக் குறித்த தோட்டம்

அந்த வருஷம் ஆர்டர் குறைந்ததும் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பாதியாக்கினார்கள். தைத்து வரும் உருப்படியில் நூல் பிரிந்திருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பதினைந்து வருஷத்தை ஓட்டியவள் நான். “ஆர்டர் வந்ததும் கூப்பிடறோங்க” என்று சூப்பர்வைசர் சொன்னார். ஒரு வாரம் வீட்டில் சும்மா இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, டிராம் பாதைக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் தேவை, பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும், அந்தந்தப் பகுதி தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையிலேயே போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்.

டிராம் பற்றி அதற்குள் திருப்பூர் முழுக்கப் பேச்சாகியிருந்தது. முதலில் நகருக்குள் மட்டும் என்றார்கள். பிறகு அதைத் திருமுருகன்பூண்டி வரைக்கும், அங்கிருந்து இன்னும் தள்ளிப் புதிதாக முளைத்திருக்கும் காலனிகளுக்கும் நீட்டலாமா என்று யோசனை வந்தது. எங்கள் வீடு அந்தக் கடைசித் துண்டில் இருந்தது. பூண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி அரைமணி நேரம் நடந்தால் எங்கள் காலனி. என் மகள் காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையில் பில் போடுகிறாள். சாயங்காலம் அவள் அந்த ரோட்டில் நடந்து வருகிற அரைமணியும் நான் வாசலில்தான் நிற்பேன். டிராம் வேண்டுமா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லியிருப்பேன்.

எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் சென்னையிலிருந்து வந்த ஒரு என்ஜினியர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு எங்களோடு நடப்பார். அவர் கொடுத்த படிவத்தில் முதல் கேள்வியே, “உத்தேச நிலையத்தைத் தாங்கள் அணுகும் முறை யாது?” என்றிருந்தது. முதல் வீட்டில் அதை அப்படியே வாசித்தேன். அந்த அம்மா உள்ளே போய் வீட்டுக்காரரைக் கூட்டி வந்தார். அவர் வந்து, “நாங்க கடன் எதுவும் வாங்கலீங்களே” என்றார்.

அன்று மத்தியானம் என்ஜினியரிடம் சொன்னேன். “சார், நான் இத, ஸ்டாப்புக்கு எப்படிப் போவீங்கன்னு கேட்டுக்கிடட்டுமா?”

அவர் கொஞ்சம் யோசித்து, “கேளுங்கக்கா. ஆனா பதில மாத்திடாதீங்க” என்றார்.

அதன் பிறகு வேலை ஓடியது. பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறைகளில், உளிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திக் கேட்டேன். பாதி செதுக்கிய பிள்ளையாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், “சிலையை டிராம்ல ஏத்த விடுவாங்களா? சாமிக்கு டிக்கெட் உண்டுங்களா?” என்று கேட்டார். ஒரிசாவிலிருந்து வந்த பையன்கள் தங்கியிருந்த விடுதியில் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியை வைத்துச் சமாளித்தேன். ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வண்டி இருக்குமா என்பதுதான் அவர்கள் எல்லாருடைய கேள்வியும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பதினைந்து வருஷமாகத் துணியைப் பார்த்துக் குனிந்தே இருந்தவள், முதல் தடவையாக ஆட்களை நிமிர்ந்து பார்த்துப் பேசினேன்.

இரண்டாவது வாரம் எங்கள் காலனிப் பக்கத்து வரைபடத்தை என் கையில் கொடுத்தார்கள். ரோட்டை ஒட்டிச் சிவப்புக் கோடு வந்தது. அது முடிகிற இடத்தில் ஒரு பெரிய மஞ்சள் கட்டம். அதற்குள் ‘டிப்போ’ என்று எழுதியிருந்தது. ஓடி முடிந்த வண்டிகளை நிறுத்துகிற இடம். கட்டத்துக்குள் ஒரு கிணறும் வரிசையாகத் தென்னைகளும் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தன. அது எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அக்காவின் தோட்டம்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து நாங்கள் பிழைக்க வந்த புதிதில், ஊர் பேர் கேட்டு எத்தனையோ பேர் வீடு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த அக்கா, “பொழைக்க வந்தவங்கதானுங்க, இருந்துட்டுப் போகட்டும்” என்று சாவியைக் கொடுத்தார். தோட்டத்து ஓரத்தில் வரிசையாகக் கட்டிய ஐந்து வீடுகளில் எங்களுடையது மூன்றாவது. அந்த வரிசை மட்டும் கட்டத்துக்கு வெளியே இருந்தது. அக்கா குன்னத்தூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். கணவர் இறந்த பிறகு இரண்டு மாடு, தென்னை, கொஞ்சம் சோளத்தட்டு என்று தோட்டத்தைத் தனியாகவே பார்த்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார்.

படிவத்தில் பதினாலாவது கேள்வி, திட்டத்துக்கு நிலம் கொடுக்கச் சம்மதமா என்பது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அந்தக் கேள்வியை அக்காவிடம் எப்படிக் கேட்பது? மற்ற வீடுகளையெல்லாம் முடித்தேன். அக்கா வீட்டு வாசல் வழியாகத்தான் தினமும் போகவேண்டும். மூன்று நாள் தலையைக் குனிந்துகொண்டே போனேன். கடைசியில் அவர் பெயருக்கு நேரே, “வீடு பூட்டியிருந்தது” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்படிப் பூட்டியிருந்த வீடுகளுக்கு என்ஜினியரே ஒருமுறை போய்ப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து குழாயடியில் நின்றார்.

“ஏன் அம்மிணி, நேத்து ஒரு தம்பி வந்துச்சு. என்ற ஊடு பூட்டியிருந்துச்சாமா.”

குடம் நிறைந்து வழிந்தது. அக்காதான் குழாயை மூடினார்.

“அந்தத் தம்பிகிட்ட, ஆமாங்க, வெளிய போயிருந்தேன்னு சொல்லிப்போட்டேன். உன்னைய எதுக்குக் காட்டிக் குடுக்கோணும்? ஆனா என்ற ஊட்டுக்குப் பூட்டே கெடையாதுன்னு உனக்குத் தெரியுமல்லோ. என்ன விசயம், சொல்லு.”

வரைபடத்தை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாயால் சொன்னேன். சிவப்புக் கோடு எங்கே வருகிறது, மஞ்சள் கட்டம் எங்கே இருக்கிறது, அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா தோட்டத்துப் பக்கம் திரும்பிக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, “மாட்டுக்குத் தட்டு அறுக்கோணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை என்று அன்று பகல் முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “வேற வீடு பார்த்துக்கிடச் சொன்னாலும் சொல்லுவாங்க” என்றார். அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் அக்காவே கூப்பிட்டு அனுப்பினார். மாட்டுக் கொட்டகை நிழலில் இரண்டு ஸ்டூல் போட்டிருந்தார். “அந்த ஃபாரத்த எடு. கேளு” என்றார். எல்லாக் கேள்விகளையும் வரிசையாகக் கேட்டேன். வீட்டில் எத்தனை பேர், வெளியே எதற்குப் போவீர்கள், எதில் போவீர்கள். மருந்து வாங்க, மாட்டுத் தீவனம் வாங்க, குன்னத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போக என்று நிதானமாகச் சொன்னார். பதினாலாவதுக்கு வந்ததும் நிறுத்தினேன்.

“அதுக்கு முன்னால நீ சொல்லு. உனக்கு அந்த வண்டி வேணுமா, வேண்டாமா?”

“எங்கிட்ட கேக்கப்படாதுக்கா. நான் எழுத வந்தவ.”

“நா கேக்கறேன், சொல்லு.”

சொன்னேன். “வேணும்க்கா. சாயங்காலம் புள்ள நடந்து வாரத நினைச்சா எனக்கு உசிரு எங்கிட்டே இருக்கதில்ல. ஆனா டிராம் வந்தா இங்க வாடகை ஏறிரும். அப்புறம் நாங்க இன்னும் தள்ளி, டிராம் இல்லாத இடமாப் பார்த்துதான் போகணும். நாலு நாளா அதையும்தான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.”

அக்கா சிரித்தார். “ஏத்தத்தான் செய்வேன். பொய் சொல்ல மாட்டேன்.”

எனக்கும் சிரிப்பு வந்தது.

“எழுதிக்கோ,” என்றார் அக்கா. “எடம் குடுக்க மாட்டேன். அந்தக் கெணத்துக்கு நானும் அவரும் சேந்து மண்ணு சொமந்திருக்கோம். ஆனா வண்டி வரோணும்.”

“ஆம், இல்ல, ரெண்டு கட்டம்தான்க்கா இருக்கு.”

“அப்ப இல்லைன்னு போடு. போட்டுட்டுக் கீழ எழுது. ரோட்டுக்கு அந்தாண்ட சாயப்பட்டறை மூடி எத்தன வருசமாச்சு? அந்த எடம் மொத்தமும் சும்மாதான கெடக்குது. அங்க நிறுத்தட்டும் வண்டிய. ஒரு பயிரும் அழியாது.”

படிவத்தில் அடியில் ‘இதர குறிப்புகள்’ என்று இரண்டு வரி இடம் இருந்தது. இதுவரை யாருக்கும் நான் அதை நிரப்பியதில்லை. அக்கா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன்.

படிவத்தைக் கொடுக்கும்போது என்ஜினியரிடம் உண்மையையும் சொல்லிவிட்டேன். வீடு பூட்டியிருக்கவில்லை, நான்தான் தவிர்த்துவிட்டேன் என்றேன். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பின்பக்கத்தைத் திருப்பி இரண்டு தடவை படித்தார்.

“அந்தச் சாயப்பட்டறை மூடியிருக்கா? மேலேருந்து எடுத்த படத்துல தொட்டியெல்லாம் தண்ணியாத் தெரிஞ்சுது. ஓடுதுன்னு நெனச்சோம்.”

“அது மழைத்தண்ணி சார். தவளைதான் கெடக்கு.”

அன்று சாயங்காலமே அவர் வந்துவிட்டார். அக்காவும் நானும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். துருப்பிடித்த கேட்டில் ஒரு பூட்டு தொங்கியது. சுற்றுச்சுவர் இடிந்திருந்த பக்கமாக உள்ளே போனோம். சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. அவர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அக்கா ஒரு குச்சியால் அதை எடுத்துக் கொடுத்தார். அவர் போனில் படம் எடுத்துக்கொண்டு, காலால் அடி வைத்து நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். “நான் எழுதுறேன்மா. முடிவு எடுக்கறது நான் இல்ல” என்றார். திரும்பும்போது அக்கா அவருக்கு இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். தோட்டத்தில் நின்று குடித்துக்கொண்டே அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

சில மாதம் கழித்துப் பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கூட்டம் என்று போட்டார்கள். அதற்குள் கம்பெனியில் ஆர்டர் வந்து என்னைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். அரைநாள் பெர்மிஷன் போட்டுவிட்டு அக்காவோடு போனேன். மேடையில் பெரிய திரை கட்டிப் படம் காட்டினார்கள். எங்கள் சிவப்புக் கோடு வந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் கட்டம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அக்கா கையை விடவில்லை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அடுத்த படத்தில், பூண்டிக்கு அப்பால் போகும் பாதை முழுக்க இரண்டாம் கட்டம் என்று வந்தது. எப்போது என்று ஒருவர் எழுந்து கேட்டார். முதல் கட்டம் முடிந்த பிறகு பரிசீலிக்கப்படும் என்று மேடையிலிருந்த அதிகாரி சொன்னார். முதல் கட்டத்துக்கே இன்னும் ஒப்புதல் வரவில்லை என்பதையும் அவரே சொன்னார். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அப்போது அக்கா எழுந்து நின்றார். கொடுத்த மைக்கை வாங்கவில்லை.

“ஏனுங்க, டிராம் வாரப்ப வரட்டும். அது வரைக்கும் பூண்டிக்கு வார டவுன் பஸ்ஸ எங்க காலனி வரைக்கும் ஓட்டலாமல்லோ? கம்பெனி விட்டு வார பொண்ணுக நடந்துதானுங்க வருதுக.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்னால் இருந்த எங்கள் காலனிப் பெண்கள் கைதட்டினார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. டிராம் வரவில்லை. ஆனால் வரப்போகிறது என்ற பேச்சே போதுமாக இருந்தது. ‘டிராம் நிலையத்துக்கு மிக அருகில்’ என்று காலனி முனையில் மனை விற்பவர்கள் பலகை நட்டார்கள். புரோக்கர்கள் கார் போட்டுக்கொண்டு அக்காவைத் தேடி வந்தார்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து மோர் கொடுத்து, “விக்கறதா இல்லீங்க” என்று அனுப்பிவைத்தார். வாடகையை மட்டும் ஏற்றினார். ஏற்றுவதற்கு முன்னால் என் வீட்டுக்கு வந்து, எவ்வளவு என்றால் எங்களால் தாங்க முடியும் என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றினார். ஐந்தாவது வீட்டில் இருந்தவர்கள் அதுவும் கொடுக்க முடியாமல் அவிநாசிக்கு அப்பால் போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய அன்று அக்கா தோட்டத்துப் பக்கமே நின்றுகொண்டார், வெளியே வரவில்லை.

டவுன் பஸ் வருகிறது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அக்கா கேட்டதால் வந்ததா, மனை விற்பவர்கள் யாரையாவது பிடித்து வரவைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது என்றுதான் என் வீட்டுக்காரர் சொல்கிறார். வண்டி திரும்ப இடமில்லாததால் பழைய சாயப்பட்டறை கேட்டுக்கு முன்னால் ரிவர்ஸ் எடுத்துத் திருப்புகிறார்கள். கண்டக்டர் இறங்கி நின்று பஸ்ஸைத் தட்டித் தட்டி, “வரட்டும், வரட்டும்” என்று சொல்லும் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது. அதைக் கேட்டதும் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். கொதிப்பதற்குள் மகள் உள்ளே வந்துவிடுகிறாள்.