தென்கரையில் ஒரு பங்கு

காலை ஆறரைக்குப் பழவங்காடியில் பஸ் ஏறினேன். கணியாபுரத்தில் இறங்கி ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன். டிரைவர் காது கேட்காதவர்போல் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

எட்டு மணிக்கு முதலப்பொழி. காயலிலிருந்து கடலுக்குப் படகு போக வழி வெட்டி, இருபுறமும் கல்லடுக்கி நீட்டியிருக்கிறார்கள். கரையோரமாக ஓடிவரும் மணல் தெற்குச் சுவரில் தட்டிக் குவிகிறது. மிச்சம் படகு போகும் பொழிவாயை அடைக்கிறது. வடக்கே மணல் வந்து சேருவதில்லை. பாலத்தில் நின்று பார்த்தால் தெற்கே பந்து விளையாடலாம், அவ்வளவு மணல். வடக்கே வீட்டுப் படியில் அலை.

வடகரையில் அருளப்பனைப் பார்த்தேன். குளச்சலில் பிறந்து இங்கே பெண் கட்டியவர். அவருடையது கரமடி வலை: படகில் போய் வளைத்துப் போட்டு, கரையில் நின்று பத்துப் பதினைந்து பேர் இழுக்க வேண்டும். நிற்கக் கரை எங்கே? தென்கரையில் வலை இழுக்க முறை பிரித்துவிடும் காதர் காக்காவிடம் கேட்டு, இன்று ஒருநாள் அங்கே இழுக்க அனுமதி வாங்கியிருந்தார்.

“நாளைக்கும் விடுவாவளாண்ணு தெரியாது. இல்லேண்ணா வலைய வித்துட்டு கட்டடப் பணிக்குத்தான் போவணும்” என்றார்.

பதினோரு மணிக்கு வலை தென்கரையில் ஏறியது. நானும் கயிறு பிடித்தேன். வீரம் உள்ளங்கைத் தோலோடு போயிற்று. நெத்தலியும் கொஞ்சம் அயிலை மீனும். யார் கரையில் இழுத்தாலும் அந்தக் கரைக்கு ஒரு பங்கு தருவது வழக்கம். அருளப்பன் முதல் கூடையைக் காக்காவின் முன்னால் வைத்தார்.

காக்கா கையால் மறுத்தார். “இது உங்க பக்கம் வரவேண்டிய மண்ணல்லே? பங்கு வேண்டா, கேட்டோ.”

அடடா, என்ன மனுஷன் என்று நினைத்தேன். அருளப்பன் கூடையை எடுக்கவில்லை.

“பங்கு வாங்கலேண்ணா நாளைக்கு நாங்க என்ன பாத்தியதையில வாறது காக்கா?”

 காக்கா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நாளைக்குத் தங்கள் ஆட்களின் முறை முடிந்ததும் வலை இறக்கச் சொன்னார்.

எங்கள் தெருவில் வேலி ஒரு சாண் நகர்ந்தாலே வக்கீல் வீட்டுக்கு ஓடுவோம். இங்கே இந்த மனிதர் தன் கரைக்கு வரவேண்டிய மணலில் நிற்கப் பங்கு கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வலையை உதறுகிறார். அவருக்கு அன்று சந்தோஷம்தான். எனக்குத்தான் பஸ் ஏறியும் மனசு ஆறவில்லை.