கப்பல் சக்கரமும் நீல எழுத்தும்

என் மாமா பொய் சொல்லிப் பிடிபட்டதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அவர் அம்மாவின் தம்பி. மைசூரில், ஹெப்பாள் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். இரண்டு கம்ப்யூட்டர். இரண்டும் பழைய பாகங்களை வாங்கி அவரே பூட்டியவை. இன்டர்நெட் பார்க்க அவற்றில் ஒரு பிரவுசர் இருந்தது. அதன் படம் கப்பல் சக்கரம். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் வேறொரு பிரவுசர் கூடவே வரும். அதன் படம் நீல நிறத்தில் ஒரே ஓர் ஆங்கில எழுத்து. மாமா அதை மட்டும் ஏற்ற மாட்டார்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறதும் அந்தக் கம்பெனிக்காரன்து, பார்க்கிற கண்ணாடியும் அவன்துன்னா, நாளைக்கு எதைப் பார்க்கணும்னும் அவனே சொல்லுவான்" என்பார்.

வந்தவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். பிறகு எதிரே இருந்த இன்னொரு பிரவுசிங் சென்டருக்குப் போவார்கள். அங்கே நீல எழுத்து இருந்தது. எதிர்க்கடைக்காரர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். சாயங்காலமானால் வாசலில் நின்று, "ஏன் சுவாமி, சக்கரம் சுத்துதா, நின்னுடுச்சா?" என்று கேட்பார்.

"பஞ்சர் ஆகல, ஓடுது" என்பார் மாமா.

அப்பா சிங்கப்பூரில் கொத்து வேலையில் இருந்தார். இரண்டு வருஷமாகத் தபாலில்தான் எழுதினார். கூட வேலை செய்த ஒருவர், தமிழில் கடிதம் அனுப்பும் ஒரு வெப்சைட்டைக் காட்டிக் கொடுத்தார். கடிதம் அந்த வெப்சைட்டிலேயே இருக்கும். வந்திருக்கிறது என்ற தகவல் மட்டும் மாமாவின் மெயிலுக்கு வரும். அப்படி முதல் கடிதம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா தலை நிறைய பூ வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

மாமா திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்து. சிலதுக்குத் தலையில் தொப்பி, சிலதுக்குப் பொட்டு, சிலதுக்கு வால். தமிழ் ஒன்றுகூட இல்லை. அம்மா தள்ளி உட்கார்ந்திருந்தாள், அவளுக்குத் திரை தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் தமிழ் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா தொண்டையைச் செருமிவிட்டுப் படித்தார். "அன்புள்ள மனைவிக்கு, நான் நலம். நீ நலமா? இங்கே வேலை நன்றாகப் போகிறது..."

"நிறுத்துடா" என்றாள் அம்மா. "அவரு என்னைக்குடா என் நலம் கேட்டாரு? பாப்பா சாப்பிட்டாளான்னுதான் ஆரம்பிப்பாரு. யாரு கடுதாசியப் படிக்கிற நீ?"

மாமா காதைச் சொறிந்தார். பிறகு உண்மையைச் சொன்னார். அந்த வெப்சைட்டின் தமிழ், நீல எழுத்தில் பார்த்தால்தான் வரும். சக்கரத்தில் வராது. அடியில் அப்படியே எழுதியும் வைத்திருந்தார்கள்.

"எதிர்க்கடையில போய்ப் பார்த்துக்கலாம்க்கா."

"தம்பி கடையத் திறந்து வச்சிருக்கான், அக்கா எதிர்க்கடையில போய் உட்காந்திருக்காளா? பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க? எனக்குக் கடுதாசியே வேணாம்."

சொல்லிவிட்டு எழுந்திருக்கவும் இல்லை. ஸ்டூலில் அப்படியே இருந்தாள். மாமா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்றை எடுத்தார். உறைகூடப் பிரிக்கவில்லை. பிரித்துப் போட்டார். அது ஏறி முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

நீல எழுத்து வந்தது. மாமா அழுத்தினார். திரையில் தமிழ் வந்தது.

முதல் வரி: பாப்பா சாப்பிட்டாளா?

பாப்பா நான்தான். கை தட்டினேன்.

அடுத்த வரிகளை மாமா மெதுவாகப் படித்தார். இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கச் சொல்கிறார்கள். நாளைக் காலையில் கையெழுத்து. வேண்டாம் என்றால் இன்றைக்கே பதில் போடு. பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வந்துடச் சொல்லுடா."

மாமா ஆங்கில எழுத்தில் 'வந்துடு' என்ற ஒரே வார்த்தையைத் தட்டி அனுப்பினார்.

அப்பா அடுத்த மாதம் வந்துவிட்டார். கடைக்குப் போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கடை இல்லன்னா நான் அங்கேயே கெடந்திருப்பேன்" என்றார்.

"என் சக்கரத்தால இல்ல மச்சான்" என்றார் மாமா.

நீல எழுத்தை அவர் எடுக்கவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அதையே அழுத்தினார்கள். கொஞ்ச நாளில் சக்கரத்தை யாரும் தொடவில்லை. எதிர்க்கடைக்காரரும் கேலியை விட்டுவிட்டார். கேலி செய்ய ஒன்றும் இல்லை.

அன்றைக்குக் கை தட்டியது நான் மட்டும்தான். கடிதம் வந்தும் மாமா முகம் ஏன் வாடியிருந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. எதிர்க்கடைக்குப் போன ஒவ்வொருவருக்கும் அங்கே இப்படி ஒரு கடிதம் காத்திருந்திருக்கும் என்றும் அப்போது தோன்றவில்லை.